நான்கு தலைமுறையில் முதல் கூலி

மாவடிப்பள்ளி
1958 மாசி 16

கொழும்பிலே அரசாங்கக் கந்தோரில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து எழுத்து வேலை பார்க்கும் அருமை மச்சான் மர்சூக் அவர்களுக்கு, உங்கள் கூடப்பிறந்த ராத்தா றுகையாவின் மாப்பிள்ளை அப்துல் ஸமட் போடியார் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி, உங்கள் ராத்தாவுக்கு என்னால் தலைவலி, மற்றப்படி குறை ஒன்றும் இல்லை. நீங்களும் வீட்டாரும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஸலாம் சொன்ன கையோடு, நலம்கூட விசாரிக்காமல், இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒன்று: போடியார் மாவடிப்பள்ளியில் கூலிக்குத் தோணி ஓட்டுகிறாராம் என்று மருதானைத் தேத்தண்ணிக் கடையில் நம்மூரான் ஒருவன் சொல்லிச் சிரித்தானாம், அது மெய்யா? இரண்டு: எங்கள் மகளுக்கு நீங்கள் பாடுபட்டுப் பேசி முடித்த சம்மாந்துறை மாப்பிள்ளை வீட்டார், எங்கள் வீட்டைப் பார்க்கப் புறப்பட்டவர்கள், ஏன் வந்து சேரவில்லை? மச்சான், இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் அதை இரண்டு வரியில் எழுத ஏலாது. பொறுமையாகப் படியுங்கள். கந்தோரில் வைத்துப் படிக்க வேண்டாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள்.

முதலில் எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நான்கு தலைமுறையாக வயலுக்குச் சொந்தக்காரப் போடிமார் நாங்கள், எங்களில் ஒருவரும் ஒரு வேலையும் செய்தது கிடையாது. என் மூத்தவாப்பாவுக்குக் குடை பிடிக்க ஒரு ஆள், செருப்பை எடுத்து வைக்க ஒரு ஆள். வாப்பா வயலுக்குப் போனால் வரம்பில் இறங்கமாட்டார். வண்டியில் இருந்தபடியே கையை நீட்டி, "அது எங்கடதா?" என்று கேட்பார். "ஓம் போடியார்" என்று வயல்காரன் சொன்னதும் வண்டியைத் திருப்பச் சொல்வார். அதுதான் அவர் செய்த விவசாயம். நான் பதினேழு வயதில், என்ன பாரம் இருக்கும் என்று அறியும் ஆசையில் ஒரு நெல் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். வாப்பா மூன்று நாள் சோறு தின்னவில்லை. "ஆரும் கண்டாங்களா? ஆரும் கண்டாங்களா?" என்று உம்மாவிடம் கேட்டுக்கொண்டே படுத்துக் கிடந்தார். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் நான் சோற்றுக் கோப்பையைவிடப் பாரமான எதையும் தூக்கவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் அதற்காகச் சொல்லவில்லை.

மருதமுனை அச்சிமுகம்மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் நெய்த, ஆண்கள் உடுக்கும் சாறன்களைத் தலையில் சுமந்துபோய், அம்பாறைப் பக்கம் அணைக்கட்டு வேலைக்கு வந்த கூலிச் சனங்களிடம் கூவிக் கூவி விற்றவன். இன்றைக்குக் கல்முனைக் கடைத்தெருவில் அவனுக்கு இரண்டு கடை, ஒரு லொறி, ஊரில் பாதி எழும்பிய மாடி வீடு. எல்லாம் அவன் கையால் தேடியது. ஆனால் மரியாதை தெரிந்தவன். நான் அவன் கடைக்குள் காலை வைத்தால் எழும்பி நிற்பான், நான் வெளியே போகும்வரை உட்காரமாட்டான். ஒரு சாமானும் வாங்கும் தேவை இல்லாமல், அவன் எழும்புவதைப் பார்ப்பதற்காகவே நான் கல்முனைக்குப் போன நாட்களும் உண்டு. உலகம் அப்படி ஒழுங்காகத்தான் இருந்தது.

பிறகு மார்கழி வெள்ளம் வந்தது. எங்கள் வயல் முழுக்க மணல் ஏறி, எது வரம்பு எது வாய்க்கால் என்று தெரியாமல் கடற்கரை மாதிரி கிடந்தது. செய்கை பண்ணுகிறவர்கள் "தண்ணி வத்தட்டும் பாப்பம் போடியார்" என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். களஞ்சியத்து நெல் நனைந்து முளைத்துவிட்டது. மகள் ஸம்ஸியாவுக்குச் சீதனமாகக் கட்டிக்கொண்டிருந்த வீடு கூரையில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஊருக்கு மேற்கே சம்மாந்துறைத் தெருவில் தண்ணீரைக் கடக்கக் கட்டியிருந்த தாம்போதி நடுவால் அறுந்து, தெரு கிடந்த இடத்தில் கால் மைலுக்குத் தண்ணீர் ஓடியது. இந்தப் பக்கத்துச் சனம் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்துச் சனம் அந்தப் பக்கம்.

வாப்பா காலத்தில் செய்த தோணி ஒன்று எங்கள் வளவில் கவிழ்ந்து கிடந்ததே, கோழிகள் அடைகாக்கும் தோணி, அதை வயல்காரன் மீராசா நிமிர்த்தினான். நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, என்னை ஏற்றி, வயல் பார்க்கக் கூட்டிப் போனான். நான் சிவப்புத் துருக்கித் தொப்பியும் கைக்குடையுமாக உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது, அறுந்த தாம்போதிக்குக் கிட்ட மீராசா தண்ணீரில் இறங்கித் தோணியை இழுத்தான். உடைந்த கம்பி ஒன்று அவன் உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவன் கரையில் குந்திக் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். அந்த நேரம் பார்த்து அக்கரையில் ஒருவன் சால்வையைச் சுழற்றிக்கொண்டு கத்துகிறான். அவன் வீட்டுக்காரிக்குப் பிள்ளைவலி. எங்கள் ஊர் மருத்துவிச்சி ஹாஜறா மூட்டையும் கையுமாக இக்கரையில் வந்து நிற்கிறாள்.

"போடியார், தோணிய எடுங்க," என்றாள்.

"மீராசாக்குக் காலுல குத்திட்டு. ஓட்ட ஆள் இல்ல."

"நீங்க ஆள் இல்லையா?"

மச்சான், ஐம்பத்திரண்டு வயதில் என்னிடம் ஒருவர் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் தொப்பியைச் சரிப்படுத்திக்கொண்டு, "எங்கட குடும்பத்துல ஆரும் கம்பு பிடிச்சதில்ல, ஹாஜறா," என்றேன்.

"வாற பிள்ள வெளிய வந்து ஒங்கட குடும்பத்தக் கேக்காது. எடுங்க சுறுக்கா!"

எடுத்தேன். தோணி முன்னுக்குப் போகாமல் சுற்றியது. பிறந்த நாளிலிருந்து நான் பார்த்த என் ஊர், பள்ளிவாசலும் தென்னைகளுமாக, மூன்று தடவை என்னைச் சுற்றி வந்தது. முதல் இரண்டு சுற்றிலும் ஹாஜறா ஓதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றில் ஓதுவதை விட்டுவிட்டு ஏசத் தொடங்கினாள். அந்த ஏச்சில்தான் கம்பை எந்தப் பக்கம் ஊன்ற வேண்டும் என்று எனக்கு விளங்கியது. எப்படியோ அக்கரை வந்தது. அவள் குதித்து ஓடினாள். அவளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமே என்று நான் தோணியிலேயே காத்திருந்தேன். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம் அந்த ஆள் ஓடி வந்தான். ஆண் பிள்ளை. சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து அதற்குள் எதையோ வைத்து அமத்தினான். திறந்து பார்த்தால் ஐம்பது சதக் குத்திக் காசு.

"வேணாம், வேணாம்," என்றேன்.

"வெச்சிக்கங்க காக்கா. நீங்க இல்லாட்டி எண்ட பொஞ்சாதி மௌத்தாப் போயிருப்பா," என்றான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்தத் தொழிலுக்குப் புதிசு போல. பழகப் பழகச் சரிவரும்," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து அதை மேசைமேல் வைத்தேன். உங்கள் ராத்தா, "இதென்ன?" என்று கேட்டாள். "கூலி," என்றேன். அவள் அப்படியே குந்திவிட்டாள். முப்பது வருஷமாக அவளுக்கு நான் காப்பும் பட்டும் பால்மாடும் கொடுத்திருக்கிறேன். எல்லாம் வாப்பா வைத்துவிட்டுப் போனது. "நீங்க உழைச்சதா? நீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு மீராசாவின் பெண்சாதியைக் கூப்பிட்டு, அதைக் கொடுத்து மீன் வாங்கிவரச் சொன்னாள். அன்றைய மீன் ஆணத்தின் ருசியைப் பற்றி நான் எழுதமாட்டேன். எழுதினால் உழைப்புக்கு வக்காலத்து வாங்கியதாக முடியும். மூன்று தரம் சோறு போட்டுத் தின்றேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

அடுத்த நாள் நான் தோணியைச் சரியாகக் கட்டிவிட்டு வருவதற்குத்தான் போனேன். அங்கே பதினொரு பேரும் இரண்டு ஆடும் ஒரு பைசிக்கிளும் நின்றுகொண்டிருந்தன. ஒரு முறை கொண்டுபோய் விடுவது தர்மம் அல்லவா? அக்கரையில் அதைவிடக் கூடுதலான சனம். அவர்களைத் திருப்பிக் கொண்டுவருவதும் தர்மம்தானே? நான் ஒருவரிடமும் கூலி கேட்கவில்லை. இதை நீங்கள் மருதானையில் அழுத்திச் சொல்ல வேண்டும். இறங்கும்போது அவர்களே தோணிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கையால் தொடுவதில்லை என்று வீட்டில் சொன்னேன். "காசு தண்ணிக்க கிடந்தா தோணி துருப்பிடிக்காதா?" என்று உங்கள் ராத்தா கேட்டாள். மரத்தோணி துருப்பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெண்பிள்ளையோடு என்ன தர்க்கம்.

நாலாம் நாள் போனால், கரையில் ஒரு ஓலைக் கொட்டில் முளைத்திருக்கிறது. தோணிக்குக் காத்து நிற்கும் சனம் தேத்தண்ணியும் ரொட்டியுமாக நிற்கிறது. ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை கோப்பையை நீட்டுகிறது, கோப்பையை வாங்குகிறது. அந்தக் கையில் இருந்த நாலு காப்பையும் நான் அறிவேன். போடியார் வீட்டுப் பெண் வெளியே வந்துவிட்டாள் என்று ஒருவரும் சொல்ல முடியாது மச்சான். கை மட்டும்தான் வந்தது.

இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் போயிற்று. முதலில் கதிரை தோணியைவிட்டுப் போயிற்று, பிறகு குடை போயிற்று. தொப்பியை மட்டும் நான் விடவில்லை. ஒரு நாள் காலையில் அச்சிமுகம்மதுவின் லொறி கரையில் வந்து நின்றது. சம்மாந்துறைக் கடைகளுக்குக் கொடுப்பதற்கு இரண்டு பெரிய பொதி சாறனோடு இறங்கியவன் என்னைக் கண்டான். கண்டவன் பொதியைக் கீழே போட்டுவிட்டான்.

"போடியார்! என்ன அநியாயம் இது! ஆரு ஒங்கள கம்பு பிடிக்க வெச்ச?"

"ஏறு அச்சிமுகம்மது. சனம் காத்து நிக்கிது."

ஏறினான். ஆனால் குந்தவில்லை. "நீங்க நிண்டுக்கிட்டு நான் குந்துறதா? எனக்கு ஏலா."

"தோணியில ஓட்டுறவன்தான் நிக்கிற. நீ குந்து."

"நீங்க குந்துங்க. நான் ஓட்டுறன்."

"இது எண்ட தோணி."

"அதனாலதான் நீங்க குந்தணும்!"

நடுத் தண்ணீரில் அவன் கம்பைப் பிடித்தான். நானும் விடவில்லை. ஒரு கம்பு, இரண்டு மனிதர், இரண்டு பேருக்கும் மரியாதை கூட. மற்றச் சனமெல்லாம், "ஆராவது ஒராள் குந்துங்களேன்!" என்று கத்துகிறது. தோணி ஒரு பக்கம் சரிந்து எங்கள் இரண்டு பேரையும் மட்டும் தண்ணீரில் கொட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டது. நல்லவேளை, நெஞ்சளவுதான். என் துருக்கித் தொப்பி காரைதீவுப் பக்கமாக மிதந்து போனது. அதன் பின்னால் அவனுடைய சாறன் பொதிகள் போயின. நாங்கள் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

அவன் தொப்பியையும் பார்க்கவில்லை, பொதியையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, வெள்ளத் தண்ணீரோ என்னவோ.

"போடியார், நான் மருதமுனையில இரிந்து தலையில சாறன் சுமந்து நடந்தது எதுக்கெண்டு தெரியுமா? ஒரு நாளைக்கு ஒங்களப் போல ஒண்டும் செய்யாமக் கதிரையில குந்தி இரிக்கத்தான். பத்து வரிசம் அதுக்குத்தான் பாடுபட்டன். இப்ப ஏறி வந்து பாத்தா நீங்க எறங்கி வாறீங்க. அப்ப நான் ஆரப் பாத்து ஏறுற, சொல்லுங்க?"

மச்சான், இந்தக் கேள்வியை நான் அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். கந்தோரில் படித்த ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

கரை ஏறியதும், தோணியைத் தனக்கு விற்றுவிடும்படி கெஞ்சினான். "ஒங்களுக்காக இல்ல, எனக்காக. நீங்க ஊட்ட போய்க் குந்துங்க," என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசிக்கவில்லை. அவன்தான் யோசித்தான். யாராவது ஒருவர் போடியாராக இருந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, கல்முனையில் ஒரு சாய்மனைக் கதிரை வாங்கி, கடைகளை மருமகன் கையில் விட்டுவிட்டு, பாதி கட்டிய மாடி வீட்டில் போய்ச் சாய்ந்துவிட்டான். முதல் நாள் நேரம் என்ன, நேரம் என்ன என்று பெண்சாதியைக் கேட்டே களைத்துப் போனானாம். இரண்டாம் நாள் கதிரையை முழுக்கக் கழற்றித் திருப்பிப் பூட்டினானாம். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. நாலாம் நாள் காலையில் தோணிக் கரையில் வந்து நிற்கிறான். "சும்மா தண்ணி பாக்க வந்தன் போடியார்," என்றான். தண்ணீரைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு சனத்தை வரிசையில் நிறுத்தினான். முதலில் நோயாளிகள், பிறகு பெண்கள், பைசிக்கிளைக் குறுக்கே வை, ஆட்டைக் கடைசியில் ஏற்று. அதுவரை ஒரு ஓட்டத்துக்கு எட்டுப் பேர் போன தோணியில் பன்னிரண்டு பேர் போனார்கள். அன்றிலிருந்து அவன் ஒவ்வொரு நாளும் தண்ணீர் பார்க்க வருகிறான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

நீங்கள் சொன்னபடியே தை மாதக் கடைசி வியாழக்கிழமை சம்மாந்துறை றவூப் போடியாரும் அவருடைய மகன் றஸாக்கும் புறப்பட்டார்கள். வீட்டில் நெய்ச்சோறு, இறைச்சி, வட்டிலப்பம் எல்லாம் தயார். ஸம்ஸியா உள்ளறையில் இருந்தாள். திட்டம் என்னவென்றால், மீராசா அவர்களைத் தோணியில் ஏற்றி வருவது, நான் கோட்டுப் போட்டு வாசலில் வரவேற்பது. ஆனால் மீராசாவின் ஆறிய கால் மறுபடி வீங்கி, விடியவே அவனைக் கல்முனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அச்சிமுகம்மதுவை விடலாம் என்றால், அவன் ஓட்டினால் தோணி சுற்றும். ஆகவே நானே போனேன். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டேன். அவர்கள் என்னை முன்பின் கண்டதில்லை, பேச்செல்லாம் உங்கள் மூலமாகத்தானே. கொண்டுவந்து இறக்கிவிட்டு, பின்வளவால் ஓடி, கோட்டை மாட்டிக்கொண்டு முன்வாசலில் நிற்பதாக நினைத்தேன். திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை மச்சான்.

றவூப் போடியார் ஏறும்போதே கூலிக்குப் பேரம் பேசினார். ஓம் ஓம் என்றேன். தகப்பன் ஒரு பலகையில், மகன் ஒரு பலகையில். மகன் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தான். கொஞ்ச தூரம் வந்ததும் தகப்பன் கதை கொடுத்தார்.

"தோணிக்காரன், இந்த ஊருப் போடியார ஒனக்குத் தெரியுமா?"

"கண்டிரிக்கன்."

"ஆள் எப்பிடி?"

"நல்ல மனிசன் எண்டுதான் எல்லாரும் கதைக்காங்க," என்றேன். அதற்குமேல் நானே எப்படிச் சொல்வது?

"வேலைவெட்டி ஏதும் செய்வாரா?"

"சீச்சீ."

"அதுதானே! தோணி ஓட்டுறாரெண்டு ஆரோ ஒரு பொய்யன் சொல்லிட்டான். நான் நம்பல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். தோணிக்காரனுக்குக் காது கிடையாது என்று இந்தப் பணக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. "மவன், எங்கட வயலும் மணலேறித்தான் போச்சு. ஆனா அது வெளிய தெரியப்படா. இவங்கட ஊட்டுக்க போய்ச் சேந்திட்டா ஒனக்கு ஒரு குறையும் வராது. நாலு தலமொறச் சொத்தாம். குந்தித் தின்னலாம்."

நாலு தலைமுறைச் சொத்தும் அவருக்கு முன்னால் துவாய் கட்டிக்கொண்டு கம்பு ஊன்றிக்கொண்டிருந்தது. நடுவில் நீரோட்டம் கொஞ்சம் வேகம். தோணியின் பழைய வெடிப்பால் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. எனக்குக் கம்பைவிட்டுக் கை எடுக்க ஏலாது.

"தம்பி, காலடியில ஒரு சிரட்ட கிடக்கு. அதால கொஞ்சம் தண்ணிய அள்ளி வெளிய ஊத்துங்க," என்றேன்.

மாப்பிள்ளை சிரட்டையைப் பார்த்தான். தகப்பனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, கோபமேயில்லாமல், ஊருக்கு வழி சொல்வது போலச் சொன்னான்:

"எங்கட குடும்பத்துல ஆரும் தண்ணி அள்ளினதில்ல."

சொல்லிவிட்டு, சப்பாத்து நனையாமல் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டான். தகப்பன் தலையை ஆட்டினார். அப்படி ஒரு பெருமை அந்த முகத்தில்.

மச்சான், அந்த வசனத்தை என் வாழ்நாளில் நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். என் வாயில் வரும்போது அது எவ்வளவு கம்பீரமாக இருந்தது. அன்றைக்கு இன்னொருவன் வாயிலிருந்து, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டபோது எனக்குக் காது கூசியது. றுகையா இதை முப்பது வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள், ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஸம்ஸியா இனி இதை எத்தனை வருஷம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கம்பை ஊன்றினேன். தோணி திரும்பியது. நீரோட்டத்தில் அதுவாகத் திரும்பியது என்று எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். இந்த ஒரு இடத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. நான்தான் திருப்பினேன்.

அவர்கள் கவனிக்கவில்லை. தகப்பன் எங்கள் சொத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார், மகன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரை தட்டியதும், "மாவடிப்பள்ளி வந்திட்டா?" என்று கேட்டார். "ஓம், எறங்குங்க," என்றேன். இறங்கி இருபது அடி நடந்துபோய், தாங்கள் வந்த மாட்டுவண்டியையே கண்டார்கள். அதற்குள் நான் நடுத் தண்ணீருக்கு வந்துவிட்டேன். றவூப் போடியார் கத்திய கத்தலை நான் இங்கே எழுதவில்லை, உங்களுக்கு அவர் எழுதியிருப்பார். ஆனால் நான் கூலி வாங்கவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்காத ஓட்டத்துக்குக் கூலி வாங்குவது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். உங்கள் ராத்தா வட்டிலப்பத்தை மூடி வைத்தாள். ஸம்ஸியா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்:

"வாப்பா, கடசிவரைக்கும் தண்ணி அள்ளவே இல்லையா?"

"இல்ல புள்ள."

"தோணி முழுகியிருந்தா என்ன செய்திருப்பாரு?"

"கால இன்னும் கொஞ்சம் மேல தூக்கியிருப்பாரு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெள்ளம் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. பிறகு நெய்ச்சோற்றுச் சட்டியைக் கரைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்த் தோணிக்கு நின்ற சனத்துக்குக் கொடுத்தோம். நான் நின்றுகொண்டு தின்றேன். ஆகவே அச்சிமுகம்மதுவும் நின்றுகொண்டே தின்றான்.

நடந்தது இவ்வளவுதான். உங்கள் சொல்லுக்கு என்னால் பழுது வந்தது எனக்குப் பெரிய கவலை. ஆனால் கவலைப்பட வேண்டாம், எல்லாம் முடியப்போகிறது. தாம்போதிக்குக் கல் நிரப்புகிறார்கள். அடுத்த ஜும்ஆவுக்கு முன் தெரு திறந்துவிடுமாம். திறந்த அன்றே தோணி கவிழும், கொட்டில் பிரியும். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்காருவேன். கையில் வந்த கொப்புளங்கள் இப்போதே ஆறிவிட்டன. நோன்புப் பெருநாளைக்கு நீங்கள் வரும்போது என் உள்ளங்கை பழையபடி பஞ்சாக இருக்கும். நீங்கள் தயவுபண்ணிச் சம்மாந்துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தத் தோணிக்காரன் கோமாரிப் பக்கத்திலிருந்து வந்த அரைப் பைத்தியம், போடியார் அவனை அன்றைக்கே விரட்டிவிட்டார் என்று எழுதுங்கள். அவர்களைக் காய்ந்த தெருவால் மறுபடி கூட்டி வாருங்கள். துவாய் இல்லாமல் என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியாது. மாப்பிள்ளையை நான் மன்னித்துவிட்டேன். இனிமேல் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஒரு வேலையும் செய்யமாட்டார் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன். மருதானையிலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உத்தியோக உயர்வையும், கேள்வி குறைந்த கடிதம் எழுதும் மனதையும் தருவானாக. உங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய ஸலாமும்.

இப்படிக்கு,
அப்துல் ஸமட் போடியார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அச்சிமுகம்மது வந்தான். நாளைக்கு நூல் வாங்கக் கொழும்புக்கு வருகிறானாம், ஆகவே தபாலில் போடாமல் அவன் கையிலேயே தருகிறேன். தெரு திறந்தால் சனம் நடந்தா போகப்போகிறது என்று ஒரு கதை சொன்னான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அங்கே கூலிக்கு ஓடும் பழைய ஹயரிங் கார் ஏதும் விலைக்கு வருமா என்று பாருங்கள். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்குக் கார் ஓட்டும் லைசன் கொடுப்பார்களா என்றும் கந்தோரில் விசாரியுங்கள். எனக்காக அல்ல, தெரிந்து வைக்கத்தான். சம்மாந்துறைக் கடிதத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துங்கள்.

தம்பி, இது றுகையா ராத்தா எழுதுறது. ஒண்ட மச்சான் லுஹருக்குப் பள்ளிக்குப் போயிரிக்கார். அவர்ட கையில கொப்புளம் ஒண்டும் ஆறல்ல, இண்டைக்குக் காலத்தாலயும் ஆறு ஓட்டம் போய் வந்தவர். சம்மாந்துறைக்கு ஒரு கடுதாசியும் போடாத. ஸம்ஸியாக்கு அந்த மாப்பிள்ள வேணாம், எனக்கும் வேணாம். கார் பாக்காத, லொறியாப் பாரு. கார்ல ஆள மட்டும்தான் ஏத்தலாம், லொறியில நெல்லும் ஏத்தலாம். மாமா எனக்குப் போட்ட காப்பு நாலையும் அச்சிமுகம்மதுட கையில குடுத்தனுப்பியிரிக்கன். லொறியக் கண்ணால பாத்தாப் பிறகு காப்ப வில்லு. லொறி உறுதிய எழுதக்குள்ள எண்ட பேருல எழுதச் சொல்லு.